இருபத்தேழு கையெழுத்து

அந்தச் சலவை ஆலையில் அவளை எல்லாரும் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள். வயதில் அவளைவிட மூத்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அவள் பெரியக்காதான். காரணம் அவள் உயரம். மேலே ஓடும் நீராவிக் குழாயில் துணி சிக்கிக்கொண்டால் ஸ்டூல் போடாமல் எட்டி எடுக்கக்கூடிய ஒரே ஆள் அவள். "கடவுள் என்னைக் கொடிக்கம்பமா செய்ய ஆரம்பிச்சு, பாதியில மனசு மாறிட்டார்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பதினாறு வருஷமாக அவள் செய்த வேலை படுக்கை விரிப்புகளை மடிப்பது. பெரிய மருத்துவமனையிலிருந்தும் நாலைந்து தங்கும் விடுதிகளிலிருந்தும் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக விரிப்புகள் வரும். பீப்பாய் போன்ற இயந்திரங்களில் துவைக்கப்பட்டு, சுடும் உருளைக்குள் ஈரமாகப் போய், மறுபக்கம் தகடு மாதிரி வெளியே வரும். அங்கே அவளும் குருவியும் ஆளுக்கு இரண்டு முனை பிடிப்பார்கள். இழுத்து, உதறி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து முனைகளைச் சேர்ப்பார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை.

குருவி குட்டையானவள். வாய் ஓயாது. விரிப்பின் அந்த முனையில் ஆரம்பித்த கதையை இந்த முனைக்கு வந்து சேர்வதற்குள் முடித்துவிடுவாள். ஐந்து வருஷமாக இருவரும் எதிரெதிரே நின்றதில், ஒருத்தி வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட மற்றவளுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு அரசாங்கம் பட்ஜெட் போட்ட அன்று, தேநீர் நேரத்தில் யாரோ கைபேசியில் செய்தியைச் சத்தமாக வைத்தார்கள். குறைந்தபட்ச தினக்கூலி அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரும் என்றது செய்தி. கூடத்தில் ஒரு நொடி உருளையின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு குருவி போட்ட கூச்சலில் துவைக்கும் பக்கத்து ஆண்கள், யாருக்கோ கை மாட்டிக்கொண்டது என்று பதறி ஓடிவந்தார்கள்.

பெரியக்காவின் புருஷன் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். மழைக்காலத்தில் அவனுக்கு வேலை இருக்காது. மகள் பத்தாம் வகுப்பு. மூன்று பேருக்கும் ஒரே அறை. அடுப்பு, கட்டில், மகளின் புத்தகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு அறை உள்ள வீட்டுக்கு மாறுவது பற்றி அன்று சாயங்காலம் முதல்முறையாகக் கணவனும் மனைவியும் வாய்விட்டுப் பேசினார்கள்.

மறுநாள் காலை பல் துலக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"செய்தி பார்த்தேம்மா. ரொம்ப சந்தோஷம். உங்களுக்குத்தான் கூலி கூடிடுச்சே, அடுத்த மாசத்துலேர்ந்து வாடகையையும் கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"இன்னும் கைக்கே வரலையே சார்!"

"வரும்ல? அரசாங்கமே சொல்லியாச்சே."

அவர் போன பிறகு புருஷன் வாயில் நுரையோடு சொன்னான்: "நமக்கு முன்னாடி அவருக்குச் சம்பளம் ஏறிடுச்சு."

இருபதாம் தேதி வாக்கில் ஆலையின் கணக்குப்பிள்ளை ஒரு கட்டுத் தாளோடு கூடத்துக்கு வந்தான். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். பெரியக்கா அவனைத் தம்பி என்றுதான் அழைப்பாள். தன் கல்யாணப் பத்திரிகையை முதலில் அவளிடம்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

"புது ரேட்டுக்கு எல்லாரும் கையெழுத்துப் போடணும் அக்கா. நீங்க போட்டீங்கன்னா மத்தவங்க தானா போட்டுடுவாங்க."

மூன்று பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். முதல் பக்கத்தைப் படித்தாள். புதிய விகிதம், நடைமுறைக்கு வரும் தேதி என்றிருந்தது. அடுத்த பக்கங்களில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. உருளையிலிருந்து விரிப்பு வந்துகொண்டே இருந்தது. பிடிக்காவிட்டால் தரையில் விழும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அதோடு நிற்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு அவளே வரிசை வரிசையாகப் போனாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டாள் குருவி.

"போடுடி, நல்லதுதான்."

குருவி தாளைப் பார்க்கக்கூட இல்லை. பெரியக்காவின் முகத்தைப் பார்த்துப் போட்டாள். அரை மணி நேரத்தில் இருபத்தேழு கையெழுத்தும் சேர்ந்துவிட்டன.

முதல் தேதி காலையில் அவள் வாசலுக்குள் நுழைந்து, வருகை அட்டையை எடுக்கச் சுவர்ப்பக்கம் கை நீட்டினாள். அட்டைச் சட்டம் காலியாக இருந்தது. புது அட்டை அடிக்கக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள். கணக்குப்பிள்ளை அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"இனிமே அட்டை கிடையாது அக்கா. ஒரு பெட்ஷீட்டுக்கு இவ்வளவுன்னு கணக்கு. நீங்க எல்லாரும் இப்ப தனித்தனி ஒப்பந்தக்காரங்க."

அவள் சிரித்தாள். அவனும் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப தினக்கூலி?"

"அது தொழிலாளிங்களுக்குத்தான் அக்கா. நீங்கதான் வேலையை விட்டுட்டீங்களே."

"யாரு விட்டா?"

அவன் இழுப்பறையைத் திறந்து அவள் தாளை எடுத்து நீட்டினான். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தி. நின்றபடியே படித்தாள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஒப்பந்த அடிப்படையில் வேலை தரும்படி நானே கேட்டுக்கொள்கிறேன்.' கீழே அவள் கையெழுத்து. கோணல்மாணல் இல்லாமல், அவள் எப்போதும் போடுகிற மாதிரியே அழகாக இருந்தது.

பதினாறு வருஷ வேலையை, ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மற்ற இருபத்தாறு பேரிடமும் தானே வாங்கியும் கொடுத்திருக்கிறாள். காதில் இரைச்சலே விழவில்லை. யாரோ உருளையை நிறுத்திவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முதலாளியின் அறைக்கு நேராகப் போனாள். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது. மேஜையிலிருந்த ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். மருத்துவமனையிலிருந்து வந்தது. அதே பட்ஜெட்டில் மருத்துவமனைச் செலவையும் குறைத்திருந்தார்கள். தினமும் மாற்றிய விரிப்பை இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாற்றுவார்களாம்.

"ஒரு கையால கூலியைக் கூட்டுன்னு சொல்றாங்க. இன்னொரு கையால என் வேலையைப் பிடுங்கறாங்க. நான் எங்கம்மா போவேன்?"

"அதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார். ஏன் ஏமாத்துனீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கூடத்துக்கு வருவதற்குள் விஷயம் பரவிவிட்டது. எல்லாரும் வேலையைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்கள். துவைக்கும் பக்கத்திலிருந்த ஒருவர் மட்டும், பத்து வருஷம் அவளோடு சோறு பகிர்ந்தவர், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"இதுக்கு உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

அவள் குருவியைப் பார்த்தாள். குருவி விரிப்பின் முனையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் பல வாரம் பேசவில்லை. முனையைச் சேர்க்க எதிரே வருவாள், கொடுப்பாள், திரும்பிப் போவாள்.

விரிப்புகள் பாதியாகிவிட்டன. மதியத்துக்குமேல் தள்ளுவண்டி வராது. ஆனாலும் ஐந்து மணிக்கு முன் யாரும் கிளம்பக் கூடாது என்பது மாறவில்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. அறிவிப்பு வருவதற்கு முன் வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மாதக் கடைசியில் கையில் வந்தது. கூலி உயர்ந்ததென்று வாடகை கூடியது கூடியதாகவே இருந்தது. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, "அதெப்படிம்மா? சட்டம் போட்டிருக்காங்களே!" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

வீட்டில் முதலில் முட்டை நின்றது. பிறகு பாலைப் பாதியாக்கினார்கள். பஸ்ஸை விட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள்; போக வர ஒன்றே முக்கால் மணி நேரம். மகளின் கணக்கு டியூஷனை நிறுத்த வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் மகளே சொன்னாள்: "நான் போன வாரமே நின்னுட்டேன்மா. அந்தக் காசு உன் டப்பாவிலதான் இருக்கு." மகள் எப்போது இவ்வளவு பெரியவளானாள் என்று அவள் திகைத்துப் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். நாலாவது நடைக்குத்தான் அதிகாரியைப் பார்க்க முடிந்தது. கண்ணாடி போட்ட பெண். பெரியக்கா கொண்டுபோன நகலைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே விலகறேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒப்பந்தக்காரங்களுக்கு எங்க சட்டம் பொருந்தாதும்மா."

"ஒப்பந்தக்காரங்கன்னா யாரும்மா? என் புருஷன் பெயிண்ட் ஒப்பந்தம் எடுக்கறார். எத்தனை மணிக்குப் போகணும், எப்ப சாப்பிடணும்னு அவர்தான் முடிவு பண்றார். நான் பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசர்கிட்ட கைதூக்கணும். நான் எப்படிம்மா ஒப்பந்தக்காரி ஆவேன்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். "இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே எழுதிக் குடுங்க. தனியா வராதீங்க. கூட நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடு வீடாகப் போனாள். இருபத்தாறு கதவு. ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: "நான் படிக்காம உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். தப்பு என்னோடது. இப்ப அதைச் சொல்றதுக்கு என்கூட வாங்க." சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் இருக்கிறதும் போய்விடும் என்று கும்பிட்டார்கள். காசு வாங்கினாயா என்று கேட்டவர் கதவைத் திறக்கவே இல்லை. பதினோரு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

குருவியின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனாள். குருவி வெகுநேரம் அவளை வெயிலிலேயே நிற்க வைத்தாள்.

"நான் தாளைப் பார்க்கலை. உன்னைத்தான் பார்த்தேன்" என்றாள்.

"தெரியும்டி."

"தெரியும்ல? அப்ப உள்ள வா. காபி ஆறிடும்."

வந்தவர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்த மனு விசாரணைக்கு வந்த நாளன்று அவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. முதலாளியின் பக்கம் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை, அதிகாரி கேட்ட முதல் கேள்விக்கே எழுந்து நின்றான்.

"முதல் பக்கத்தை மட்டும் காட்டி, வேலை ஓடும்போதே கையெழுத்து வாங்கச் சொன்னாங்க மேடம். அக்கா போட்டா எல்லாரும் போடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "போன மாசம் என்கிட்டயும் இதே மாதிரி வாங்கிட்டாங்க. ரெண்டாம் பக்கம் எனக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டேன். அப்ப வீட்ல குழந்தை பிறந்து பத்து நாள்."

பெரியக்காவுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு வர ஏழு மாதமானது. இருபத்தேழு பேரும் தொழிலாளர்களே, விலகல் செல்லாது, புதிய கூலியைப் பழைய தேதியிலிருந்தே தர வேண்டும் என்று வந்தது. அலுவலக வாசலில் எல்லாரும் அழுதார்கள். கதவைத் திறக்காதவரும் வந்திருந்தார். தூரத்தில் நின்று மூக்கைச் சிந்தினார்.

மறு வாரம் ஆலையின் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். இருக்கிற வேலைக்குப் பதினைந்து பேர் போதும், மூத்தவர்கள் இருக்கலாம், மற்றவர்களுக்குச் சட்டப்படி நஷ்டஈடு. எல்லாம் முறைப்படி, அரசாங்க முத்திரையோடு. பெரியக்கா மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள். அவள் பெயர் நாலாவதாக இருந்தது. ஐந்து வருஷக்காரியான குருவியின் பெயர் இல்லை. பட்டியலின் உயரத்துக்கு எட்டாமல் குருவி பின்னால் எக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

பெரியக்கா திரும்பினாள். முகத்தைப் பார்த்தே குருவி புரிந்துகொண்டாள்.

"நானும் வேலைக்கு வரலை" என்றாள் பெரியக்கா.

"பைத்தியமா உனக்கு? நீயும் வீட்ல உட்கார்ந்தா எனக்கு என்ன வந்துடப் போகுது? போ, போய் மடி." சொல்லிவிட்டுக் குருவி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நஷ்டஈட்டுப் பணத்தில் ஒரு தையல் இயந்திரம் வாங்கி, பள்ளிச் சீருடை தைக்கிறாள் இப்போது. ஜூன் வரை வேலை இருக்கும், அப்புறம் இருக்காது என்கிறாள்.

பழைய பாக்கி கடனுக்கும் வாடகைக்கும் போன பிறகு, புதிய கூலியில் முழு மாதச் சம்பளம் வாங்கிய அன்று பெரியக்கா மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். அரிசி, எண்ணெய், சோப்பு, முட்டை என்று ஒரு வருஷத்துக்கு முன் வழக்கமாக வாங்கியதையே எடுத்து வைத்தாள். கடைக்காரர் கூட்டிச் சொன்ன தொகையைக் கேட்டு, தப்பாகக் கூட்டிவிட்டார் என்று மறுபடி கூட்டச் சொன்னாள். தப்பில்லை. எண்ணெய்க்கு வரி போட்டு நாலு மாதமாகிறதாம். சின்னச் சின்னதாக வாங்கியதில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

"எல்லாருக்கும்தான் கூலி ஏறிடுச்சே அக்கா" என்றார் கடைக்காரர்.

அவள் கையிலிருந்த நோட்டுகளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. மகள் பைக்குள் கைவிட்டு, பெரிய எண்ணெய்ப் புட்டியைத் திருப்பி வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டாள்.

"முட்டை இருக்கட்டும்" என்றாள் பெரியக்கா. "முட்டையை மட்டும் எடுக்காதே."