பேக்கரி விளம்பரத்தில் ஒரு பொட்டு

டிசம்பர் வந்தால் எங்கள் பத்திரிகையில் பழைய கிறிஸ்துமஸ் விளம்பரங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவார்கள். மூன்றாம் மாடி ஆவண அறையிலிருந்து பைண்டு செய்த பழைய தொகுதிகளை இறக்கி, தூசி தட்டி, நல்லதாகப் பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுத வேண்டும். பல வருடங்களாக அந்த ஒரு வரியை எழுதுவது நான்தான். வாசகர்களுக்குப் பிடிக்கிறது என்கிறார்கள். அந்தக் காலத்து விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்காக வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

நிறையப் பார்த்துவிட்டால் எல்லாம் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மைசூரில் ஒரு நாளும் பெய்யாத பனி அந்த விளம்பரங்களில் விடாமல் பெய்கிறது. ஸ்வெட்டர் கடைக்குப் பனி, சைக்கிள் கடைக்குப் பனி, பிரஷர் குக்கரின் மூடி மேலும் பனி. தசரா மலரில் அம்பாரி யானை நின்ற அதே மூலையில் இரண்டு மாதம் கழித்து ஒரு மணியும் இரண்டு இலைகளும் தொங்குகின்றன. மற்றபடி அதே கடை, அதே வாழ்த்து, அதே எழுத்து. அச்சகத்தில் மணிப் படத்துக்கென்று இருந்தது ஒரே பிளாக், படம் செதுக்கிய ஓர் உலோக அச்சு. ஒரு பக்கம் உடைந்துபோன பிறகும் அதையே போட்டார்கள் என்பதை வருடவாரியாகப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். யாருக்கும் உபயோகமில்லாத அறிவு.

இந்த வருடம் பக்கத்து மேசைப் பெண் ஒரு தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தவள், சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பேக்கரி விளம்பரம். ஒரு தாய், ஒரு பெண் குழந்தை, நடுவில் பெரிய கேக், பின்னால் கிறிஸ்துமஸ் தாத்தா. தாயின் நெற்றி வெறுமையாக இருக்கிறது. குழந்தையின் நெற்றியில் மட்டும் அதன் முகத்துக்குப் பொருந்தாத அளவில் ஒரு பெரிய பொட்டு. எந்தக் கிறிஸ்தவ வீட்டில் இப்படி இருக்கும், இதையே நடுவில் பெரிதாகப் போட்டு வேடிக்கையாக ஏதாவது எழுதலாம் என்றாள். அந்தக் குழந்தை நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கதை கேட்பாள். எனக்கு அசதியாக இருந்தது.

அப்பா விளம்பர ஏஜென்ட். கடை கடையாக ஏறி இறங்கி விளம்பரம் பிடித்து, வாசகம் எழுதி, பிளாக் செய்ய ஏற்பாடு பண்ணி, ப்ரூஃப் திருத்திப் பத்திரிகையில் சேர்ப்பது வரை அவர் பொறுப்பு. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அசோகா ரோட்டில் புதிதாகப் பேக்கரி திறந்தவர் ஒருவர், வரைந்த படம் வேண்டாம், நிஜ மனிதர்கள் கேக்கோடு இருக்கிற போட்டோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். படத்துக்கு உட்கார ஆள் தேடினால் கட்டுபடியாகாது. அப்பா வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் ஆள் இருந்தது.

தாயாக அத்தை. அப்பாவின் தங்கை, இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட், எங்களோடுதான் இருந்தாள். குழந்தையாக நான். தகப்பனாக யார் என்பதில்தான் சிக்கல். அப்பா உட்கார முடியாது. படத்துக்கென்றாலும் அண்ணனும் தங்கையும் புருஷன் பெண்டாட்டியாகவா என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். என் மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, உட்கார வைக்கலாம் என்றால், கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் பக்கத்தில் வேறு ஆண் எப்படி உட்காருவது? கடைசியில் தகப்பனே வேண்டாம் என்று முடிவாயிற்று. மாமா கிறிஸ்துமஸ் தாத்தாவாக நின்றால் போதும். பஞ்சுத் தாடிக்குள் யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

அத்தைக்குப் பேசி முடித்திருந்தது மண்டியாவில். மாப்பிள்ளை சர்க்கரை ஆலையில் ஆபீசர். முதல் மனைவி தவறிப்போய், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு முப்பது ஆகியிருந்ததால் இரண்டாம் தாரம் என்பதை வீட்டில் யாரும் உரக்கச் சொல்லவில்லை. தனுர்மாசம் முடிந்து தை பிறந்தவுடன் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா சகுனத்தில் கெட்டி. பெண் பார்க்க வந்தபோது தாம்பூலத் தட்டிலிருந்து மஞ்சள் பொட்டலம் நழுவிக் கீழே விழ, வேறு தட்டு எடுத்து முதலிலிருந்து கொடுக்கச் சொன்னவர் அவர். சம்பந்தம் வேண்டாம் என்று அத்தை ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். எல்லாப் பெண்களும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போட்டோவுக்கு அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அத்தையின் நெற்றியில் பொட்டு இருக்க வேண்டும். கிறிஸ்தவப் பெண் வேஷமானாலும் சரி, கல்யாணம் நிச்சயமாகப் போகிறவள் ஒரு நிமிஷம்கூட வெறும் நெற்றியோடு உட்காரக் கூடாது. பேக்கரிக்காரருக்கு ஆட்சேபம் இல்லை. அத்தைக்கு லேஸ் வைத்த ரவிக்கை இரவல் கொடுத்த ஆபீஸ் சிநேகிதியே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், பொட்டும் வைத்துக்கொள்கிறவள். ஆக அதில் பிரச்சினை இல்லை.

சயாஜி ராவ் ரோட்டில் மாடியில் ஒரு ஸ்டூடியோ. எனக்குத் தீபாவளி ஃபிராக். நான் வந்ததே கேக்குக்காக. போய்ப் பார்த்தால் அது மரக்கட்டை. மேலே ஏதோ வெள்ளைப் பூச்சு, உச்சியில் சிவப்பு மணி ஒன்று. தொட்டுப் பார்த்தவுடன் அழுகை வந்தது. விளம்பரம் வந்ததும் நிஜக் கேக் அனுப்புவதாகப் பேக்கரிக்காரர் சொல்லியிருக்கிறார் என்று அப்பா சமாதானம் செய்துவிட்டு, பனிமலை வரைந்த திரையைத் தூக்கிக் கட்டப் போனார். மாமா தாடிக்குள்ளிருந்து தும்மிக்கொண்டே இருந்தார்.

அத்தை என்னைத் தலைவாரிவிட மறைப்புக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெரிய கண்ணாடி. அதன் ஓரம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. படம் எடுக்க வந்த பெண்கள் முகம் கழுவும்போது கழற்றி ஒட்டி, மறந்துவிட்டுப் போனவை. அத்தை கண்ணாடியில் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பொட்டை நகத்தால் எடுத்தாள். கண்ணாடியில் ஒட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, என் சின்னச் சாந்துப் பொட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தன்னுடையதை என் நெற்றியில் அழுத்தி ஒட்டினாள்.

"அசையாம உக்காரு. விழுந்துடப் போறது" என்றாள்.

பெரியவர்கள் பொட்டு எனக்கு அதுதான் முதல் தடவை. கேக்கை மறந்துவிட்டேன். போட்டோகிராஃபர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, கன்னடத்தில் "ஸ்வல்ப நகம்மா" என்று என்னைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தால் நெற்றி சுருங்கும், பொட்டு விழும் என்று நான் சிரிக்கவில்லை. அத்தையை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. அவள் சிரித்தாள். அப்பா அந்த நேரம் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். முடிந்ததும் நேராகப் பத்திரிகை ஆபீசுக்குச் சைக்கிளில் கிளம்பிவிட்டார். வாடகைத் தாடியைத் திருப்பிக் கொடுக்க மாமா போனார். நானும் அத்தையும் படி இறங்கும்போது அவள் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தாள். வரிசையாகப் புதுப் பொட்டுகள். அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். இத்தனை வைத்துக்கொண்டு எதற்காக என்னிடம் ஒன்றைக் காபந்து பண்ணச் சொன்னாள் என்று யோசித்தேன். கொஞ்ச தூரம்தான். அதற்குள் தேவராஜ மார்க்கெட் வந்துவிட்டது. அவரைக்காய் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோவிலிருந்து படம் நேராகப் பிளாக் செய்கிறவரிடம் போயிற்று. ஒரு சாயங்காலம் அப்பா ஈரம் காயாத ப்ரூஃபை வீட்டுக்கே கொண்டுவந்தார். கூடத்தில் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தலைகீழாக நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை, இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் மானம் போயிருக்கும் என்றார். அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"படம் எப்படி வந்திருக்கு, அண்ணா?"

"படத்துக்கென்ன, நன்னா வந்திருக்கு" என்றார் அப்பா, பென்சிலை விலாசத்துக்கு நகர்த்தியபடி.

அத்தை அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விளம்பரம் பண்டிகைக்கு முதல் நாள் வந்தது. காலையில் பேப்பரைப் பிரித்த அம்மாதான் முதலில் பார்த்தாள். புருஷன் இல்லாத ஒரு பெண், வெறும் நெற்றி, பக்கத்தில் ஒரு குழந்தை. மற்றவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் படம். எங்கள் மனிதர்கள் கண்ணுக்கு அது வேறு. அம்மா பேப்பரை நாலாக மடித்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மண்டியாவுக்கும் அதே பேப்பர்தான் போகிறது. இரண்டாம் நாள் தரகர் வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அவர்கள் வீட்டில் இப்போதைக்கு யோசிக்கிறார்கள் என்றார். யோசிக்கிறார்கள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அம்மா அழுததால் நல்லதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அத்தை ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். விரலுக்கு நடுவே அழுத்தினால் பருப்பு துள்ளி வந்து பாத்திரத்தில் விழும். தரகர் போன பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

"உனக்கு ஒண்ணுமே தோணலையாடி?" என்று அம்மா கேட்டாள்.

"பருப்பு போறுமா பாருங்கோ மன்னி" என்றாள் அத்தை.

பழி பிளாக் செய்தவர் மேல் விழுந்தது. கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பொட்டு எதற்கு என்று அவராகவே தூரிகையால் அழித்திருக்கிறார், அழித்ததுதான் அழித்தார், குழந்தையின் பொட்டையாவது பார்த்தாரா, மடையன் என்று அப்பா கத்தினார். பிளாக் செய்தவர் வாசல்வரை வந்து கையைக் கூப்பி, தான் தொடவே இல்லை என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். "நானு முட்டே இல்லா ஸ்வாமி." அப்பா நம்பவில்லை, அதற்குப் பிறகு அவருக்கு வேலையும் கொடுக்கவில்லை. பாவம் அண்ணா, அவர் சொல்வது நிஜமாகக்கூட இருக்கலாம் என்று அத்தை ஒருமுறை சொன்னாள். உனக்கு எல்லாரும் பாவம் என்றார் அப்பா.

தெருவில் எல்லோரும் சிரித்தது என் பொட்டைப் பார்த்துத்தான். கிறிஸ்துமஸ் தாத்தா கேக்கோடு பொட்டும் கொண்டுவந்தாராக்கும் என்று எதிர்வீட்டு மாமி கேட்டாள். அதனால் கல்யாணம் நின்றதற்குக் காரணம் என் நெற்றிதான் என்று நான் வெகுகாலம் நம்பினேன். பொட்டு எங்கிருந்து வந்தது என்று என்னை யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை. பேக்கரியிலிருந்து நிஜக் கேக் வந்தது. முட்டை போட்டது என்பதால் வாசல்படி தாண்டவில்லை. மாமா தெருக்கோடியில் நின்று தின்றார். தாடிக்குக் கூலி என்றார்.

இந்த வேலைக்கு வந்த பிறகு பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. தூரிகை பட்ட இடம் எப்போதும் தெரியும். அங்கே தோல் தட்டையாக, வெளிச்சம் படாத மாதிரி இருக்கும். அன்று அந்தத் தொகுதியை ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். அத்தையின் நெற்றியில் வெளிச்சம் ஒழுங்காக விழுந்திருந்தது. பிளாக் செய்தவர் தொடவில்லை. எனக்கு அது எட்டு வயதிலேயே தெரிந்த விஷயம்தான். இப்போது அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. அப்பா இல்லை, அந்த மனிதரும் இருக்க வாய்ப்பில்லை.

அத்தை இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசிலேயே இருந்து ரிடையராகி, இப்போது எங்கள் வீட்டு மாடியில். ஒரு பிரதி எடுத்துப் போய்க் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்து மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். மரக்கட்டை என்று தெரியவே இல்லை என்று முதலில் கேக்கைத்தான் மெச்சினாள். ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடியில்தானே ஒட்டியிருந்தார்கள், நீ ஏன் என் நெற்றியில் ஒட்டினாய் என்று கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

"கண்ணாடில ஒட்டினா மறந்துட்டேன்னு ஆயிடும்" என்றாள். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "ப்ரூஃப் பாக்கறச்சே அண்ணா ஒரு வார்த்தை கேப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசைப் பெண் எழுதிவைத்திருந்த வேடிக்கை வரியை அடித்துவிட்டு, 'பேக்கரி விளம்பரம், மைசூர்' என்று மட்டும் போட்டு அனுப்பினேன். வாசகர்கள் விலையைப் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் கண்களை மேலே உருட்டி, கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விழுந்துவிடக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொட்டு அப்பா பார்ப்பதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பது அப்போது தெரியவில்லை.