நோட்டில் நாற்பது டிகிரி

எங்கள் வீட்டுக்கு ஏசி வந்த வருஷம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் காசு இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். மே மாதம் வந்தால் தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலிக்கு ரயிலேறிவிடுவார்கள். அந்த வருஷம் விளையாட ஆளில்லாமல் கிடந்தேன். ஆனாலும் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வரிசையில் ஏசி இருந்த ஒரே வீடு எங்களுடையது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு உலகத்தில் அதற்கு மேல் ஒரு பெருமை இருப்பதாகத் தெரியவில்லை.

ஏசி வந்தது அப்பாவின் தூக்கத்துக்காக. அப்பா பாவ் ரொட்டி சுடும் பேக்கரியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர். ராத்திரி முழுக்க வேலை. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்வரை தூங்கியாக வேண்டும். எங்களுடையது மாடி அறை. தலைக்கு நேர் மேலே பத்ரா, அதாவது தகரக் கூரை. பத்து மணிக்கே அது காய ஆரம்பித்துவிடும். ஒரு அடுப்பிலிருந்து தப்பித்து வந்து இன்னொரு அடுப்புக்குள் படுப்பது போலத்தான். அப்பா ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு புரளுவார். எழுந்திருக்கும்போது கண்ணெல்லாம் சிவந்து, யாரோ அவரை அடித்துப் போட்டது போல இருப்பார்.

அதனால் ஏதோ ஒரு ஆபீஸில் கழற்றிப் போட்ட விண்டோ ஏசி ஒன்றைக் குர்லாவில் பேரம் பேசி வாங்கி வந்தார். போட்டால் பலகைச் சுவர் முழுக்க அதிரும், லோக்கல் ரயில் பக்கத்தில் போவது போல. குளிரும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்தால் தலைமயிர் மட்டும் சில்லென்று இருக்கும். ஆனால் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிற என் பள்ளித் தோழி, அதுவரை எங்கள் ஏணிப்படியில் கால் வைக்காதவள், இரண்டு முறை வந்து அதன் கீழே உட்கார்ந்துவிட்டுப் போனாள். எனக்கு அது போதும்.

பிறகு கரண்டு பில் வந்தது. அம்மா கைப்பைகளுக்கு உள்துணி தைக்கிறவள். தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய பில்லோ மாறி வந்துவிட்டதோ என்று பெயரைப் படித்துக் காட்டச் சொன்னாள். எங்கள் பெயர்தான். அன்றிலிருந்து அப்பா கண்ணயர்ந்ததும் அம்மா ஏசியை அணைப்பாள். வேர்த்து விழித்ததும் அப்பா அதைப் போடுவார். இருவரும் பேசிக்கொள்வதே சுவிட்ச் வழியாக என்று ஆகிவிட்டது.

இந்தச் சண்டைக்குள்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. செம்பூரில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். ஏசியைச் சரிபார்க்கத்தான் அம்மா அவரைக் கூப்பிட்டிருந்தாள். அவரோ ஏசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூலில் ஏறித் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து உதறினார்.

"அக்கா, நீங்க ரூமுக்கா ஏசி போடுதிய? வெயிலுக்கில்லா போடுதிய. மேல இருந்து சூடு எறங்கிக்கிட்டே இருந்தா இது என்ன செய்யும், பாவம். இதுவே ஒத்த ஸ்டாரு, கரண்டத் தின்னுட்டுக் கெடக்கு."

கூரைக்கு மேலே வெயிலைத் திருப்பியடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அடித்தால் ஏசியே வேண்டாம் என்பது மாமாவின் கட்சி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏசி மெக்கானிக் வந்து ஏசி வேண்டாம் என்கிறார். பெயிண்ட் எப்படிக் குளிர வைக்கும் என்றும் புரியவில்லை. அப்பாவுக்கும் நம்பிக்கை இல்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று வாரம் ஏசியைத் தொடக்கூடாது. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அறையின் சூட்டை அளந்து எழுத வேண்டும். பெயிண்ட் அடித்தபின் நாலு டிகிரி குறைந்தால் ஏசியை விற்றுவிடுவது; குறையாவிட்டால் மாமா வாயைத் திறக்கக்கூடாது.

மாமாவுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. எதிர்மாடியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி, பன்னிரண்டு ஆட்களைத் தகரத்துக்கு அடியில் உட்காரவைத்து வேலை வாங்குகிறவர், எங்கள் வீட்டில் பலித்தால் தன் பட்டறைக்கும் செய்யச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அவர் செய்தால் அந்தச் சந்தே செய்யும். கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாமா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நானும் கேட்டேன்.

எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டில் நாலு எழுத்து ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். மாமா சயன் மார்க்கெட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து, அப்பா படுக்கிற இடத்துக்குப் பக்கத்துக் கம்பில் ஆணியடித்து மாட்டினார். அதன் பொடிக் கோடுகள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிடிபடாது. சிவப்புக் கோடு எங்கே நிற்கிறதோ அதை நான் பார்த்து எழுத வேண்டும். புது நோட்டும் பேனாவும் தந்தார். பெயிண்ட் அடிப்பதற்கு முந்தின நாள் நாற்பத்தொன்று. அதை அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கூரையில் ஏறித் துருவைத் தேய்த்து, ஓட்டைகளை அடைத்து, வெள்ளை அடித்தார். இறங்கும்போது புருவம்கூட வெள்ளையாக இருந்தது. மறுநாள் இரண்டு மணிக்கு அப்பாவின் காலைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். முப்பத்தாறு.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். முப்பத்தாறுதான். ஏசி சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி எடுத்துப் போனபின் அந்த இடத்தில் இருக்கப்போகிற ஓட்டையும், விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என் தோழி கேட்கப்போகிற கேள்வியும் எனக்குத் தெரிந்தன. நோட்டில் நாற்பது என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று தோன்றவில்லை. ஏசிக்கு இன்னும் ஒருநாள் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாளும் நாற்பது எழுத வேண்டியதாயிற்று. திடீரென்று இறங்கினால் சந்தேகம் வருமே. நடுவில் ஒருநாள் நாற்பதரை என்றும், இன்னொரு நாள் முப்பத்தொன்பது என்றும் போட்டேன். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் நம்பமாட்டார்கள் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இப்போதும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலையிலேயே வந்த மாமா நோட்டைப் பார்த்துக் குழம்பிப்போனார். ஒரு டிகிரிதான் குறைந்திருக்கிறதா? திரும்பவும் கூரையில் ஏறி இரண்டாவது கோட்டிங் அடித்தார். தகரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாயைக் கட்டினார். மூலையில் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டினார். எல்லாம் அவர் கைக்காசு. சிவப்புக் கோடு முப்பத்தைந்துக்கு இறங்கியது. நோட்டு நாற்பதிலேயே நின்றது. அவர் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய நான் இன்னும் கூட்டி எழுத வேண்டியிருந்தது. இதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் நடந்ததுதான் அதைவிட விசித்திரம். அம்மா மிஷினில் உட்கார்ந்திருப்பவள் திடீரென்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். வேர்வை இருக்காது. "ஏட்டி, இன்னைக்கு எவ்வளவு?" என்பாள். நாற்பது என்பேன். "நாப்பதா?" என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் உண்மையிலேயே அவளுக்கு வேர்த்துவிடும்.

அப்பா ஐந்து மணிவரை அசையாமல் தூங்கினார். எழுந்ததும் நோட்டைக் காட்டச் சொல்லுவார். எண்கள் மட்டும் அவருக்குப் படிக்க வரும். விரலை வைத்துப் பார்ப்பார்.

"எனக்கு வெக்கையே தெரியலயே," என்று அம்மாவிடம் சொன்னார். "நாப்பது டிகிரில ஒரு மனுசன் இப்படித் தூங்குவானா?"

பிறகு இருவரும் ஏணிப்படியில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பேக்கரியில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்குச் சர்க்கரை வந்து காலில் உணர்ச்சி போய்விட்டதாம். தணல் பட்டதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறார். மறுவாரமே முதலாளி அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டாராம். "சூடு தெரியாதவன அடுப்புக்கிட்ட நிறுத்துவானா?" என்று அப்பா கேட்டது என் காதில் விழுந்தது. ஆனால் அது அந்த மனிதரின் கதை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அப்பா ஸ்டவ்வைப் பற்றவைத்து, மேலே எந்தப் பாத்திரமும் வைக்காமல், உள்ளங்கையைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் எடுப்பதுமாக நின்றார். டீ போட வந்தவர் பாத்திரம் எடுக்க மறந்துவிட்டார் என்று நான் பாத்திரத்தை எடுத்து நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. பாத்திரத்தை வாங்கி டீயே போட்டுவிட்டார். அந்த வாரம் இரண்டு முறை தூக்கத்தை விட்டுவிட்டு டிஸ்பென்சரியில் போய் நின்றார். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கிடையில் பட்டறை அண்ணாச்சி ஒருநாள் எங்கள் வீட்டு ஏணி ஏறி வந்தார். கூரையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "குளு குளுன்னுல்லா இருக்கு," என்றார். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினார். முகம் மாறிவிட்டது. வெளியே வெயிலிலிருந்து வந்ததால்தான் தனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இறங்கிப்போனார். நாலு நாளில் அவருடைய பட்டறைக்கு இரண்டு பெரிய கூலர்கள் வந்து இறங்கின. அந்தச் சமயம் மாமா எங்கள் வாசலில் நின்றிருந்தார். சுமைக்காரர்கள் கயிறு கட்டி அவற்றை மேலே இழுப்பதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் கேட்டார்.

மூன்றாவது ஞாயிறு மாமா கம்பெனியிலிருந்து நீண்ட வயர் தொங்கும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போயிருந்தார். அம்மா மிஷினில் இருந்தாள். சரியாக இரண்டு மணிக்கு மாமா வயர் நுனியைக் கம்புக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். பெட்டியில் முப்பத்தைந்து என்று வந்தது.

மாமா கம்பில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்தார். அதிலும் சிவப்புக் கோடு முப்பத்தைந்தில்தான் நின்றது. பிறகு நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். ஓடலாமா, அழலாமா என்று யோசிப்பதற்குள் அவர் தெர்மாமீட்டரை ஆணியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தெர்மாமீட்டரு டூப்ளிகேட்டுக்கா," என்றார் அம்மாவிடம். "ஏமாத்திட்டான் கடைக்காரன். ரூமு முப்பத்தஞ்சுதான். இத்தன நாளும் முப்பத்தஞ்சுதான் இருந்திருக்கும்."

"அய்யய்ய, அப்பம் அந்த அண்ணாச்சி?"

"அவருதான் கூலர் வாங்கிட்டாரே. விடுங்க."

அம்மா அந்த முகம் தெரியாத கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டின, நானே பார்த்தேன். ஏசியைப் பிரித்து மாட்டத் தெரிந்த மாமாவுக்கு அது தெரியாமல் போய்விட்டதா? கண் சரியில்லையோ என்று நினைத்தேன். தப்பித்துவிட்டோம் என்றும் இருந்தது, அவர்மேல் கொஞ்சம் இளக்காரமாகவும் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் பல வருஷம் அந்தச் செம்பூர் கம்பெனியிலேயேதான் வேலை பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அப்பா ஏணி ஏறி வந்தார். கையில் மடித்த காகிதம். சர்க்கரை இல்லை, ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் அப்பாவின் முகத்தில் தெளிவில்லை. "ஒண்ணுமில்லன்னா பின்ன ஏன் எனக்குச் சூடு தெரிய மாட்டேங்கு?" என்று வாசலிலேயே நின்று கேட்டார். அம்மா மிஷினை விட்டு எழுந்து வந்து, தெர்மாமீட்டர் கெட்டுப்போன கதையை ஒரே மூச்சில் சொன்னாள். மாமா அந்த டிஜிட்டல் மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தார். அப்பா அதை விரல் வைத்துப் படித்தார்.

"முப்பத்தஞ்சா?"

"முப்பத்தஞ்சுதான் அத்தான். குளுந்துதான் கெடக்கு."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு இரண்டு கையையும் முகத்தின் மேல் வைத்துத் தேய்த்தார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். அவளும் மூக்கை உறிஞ்சினாள். மாமா ஏணிப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

நான் மட்டும் கதவோரத்தில் அப்படியே நின்றேன். ஏசியை விற்றுவிடலாம் என்பதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை.