முத்துராஜா கொண்டுவந்த பெயர்

சாம்பியாவிலிருந்து திரும்பியபோது முத்துராஜா கொண்டுவந்தவை ஒரு தையல் இயந்திரம், இரண்டு கம்பளி, ஒரு கால்பந்துக் கிளப்பின் பெயர். இயந்திரம் தங்கை வீட்டுக்குப் போயிற்று; கம்பளிகள் நைந்துபோயின. பெயரை மட்டும் ஊருக்குக் கொடுத்தார். அவர் திரும்பிய ஆண்டைப் பற்றி வீட்டில் இரு பேச்சு உண்டு. மகள் நாகஜோதியின் காதுகுத்துக்கு முந்திய தை என்று அவர் மனைவி ராக்கம்மாள் சொல்வதே சரி.

மயிலாடும்பாறைக்கு அப்பால் மலையடிவாரத்துச் சிற்றூர் அவருடையது. சாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்கத்தில், ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் லிஃப்டின் மோட்டார்களைப் பழுதுபார்த்தார். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் கிளப் ‘சம்பேசி ஸ்டார்ஸ்’. அதன் வரலாற்றை முத்துராஜா சொல்லக் கேட்காதவர் ஊரில் இல்லை.

வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிய புல்தரையில் தொழிலாளி கால்வைக்கக் கூடாது என்றிருந்த காலம் அது. வேலை முடித்து மேலே வந்தவர்கள், கழிவுமண் கொட்டிய மேட்டை மண்வெட்டியால் வெட்டிச் சமன்செய்து தங்களுக்கென ஒரு மைதானம் உண்டாக்கினார்கள். நாடு விடுதலை பெற்றபின் அதே குழு சம்பளம் வாங்கி ஆடும் கிளப்பாக வளர்ந்தது. தேசிய லீகை நான்கு முறை வென்றது. கண்டத்துக் கோப்பையில் அரையிறுதிவரை போய் பெனால்டியில் தோற்றது. தோற்று வந்தவர்களைப் பார்க்க ரயிலடியில் ஊரே திரண்டு நின்றதாம். பிற்பாடு சுரங்கம் கைமாறி, சம்பளம் நின்று, கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. முத்துராஜா அந்தப் பகுதியைப் பொங்கல் போட்டி மைக்கில் சொல்வதில்லை.

கிளப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பனியன் போட்டவர்கள் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் கைவைத்து மக்காச்சோளக் களி உண்ண வேண்டும். மைதானத்து விளக்குகளைச் சரிசெய்து கொடுத்த முத்துராஜாவையும் ஒருநாள் அழைத்தார்கள். பலர் கைபட்ட சோறு. அவர் கை பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. “கரண்டைத் தொடுகிறவன் களியைத் தொடப் பயப்படுகிறானே” என்று கேப்டன் முலெங்கா சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முத்துராஜா தொட்டார். அதன்பின் ஊர் திரும்பும்வரை அந்தப் பாத்திரத்தில்தான் உண்டார்.

ஊரில் இளைஞர்களைச் சேர்த்து அதே பெயரில் ஒரு குழு அமைத்தார். பொங்கல் போட்டி தொடங்குமுன் ஆண்டுதோறும் மைக்கைப் பிடித்து அந்த வரலாற்றையும் ஒரே பாத்திரத்து வழக்கத்தையும் சொல்வார். கழிவுமேட்டை வெட்டிய இடத்தில் கைதட்டல் எழும்.

“சித்தப்பா, சுருக்கா முடிங்க. மைக்செட்டுக்காரரு பாட்டுப் போடணுமாம்” என்பான் குழுவின் கேப்டன் விஜய்பாண்டி. அண்ணன் ஒச்சாண்டியின் மகன்.

சென்றதற்கு முந்திய பொங்கல் நெருங்கியபோது குழுவின் கோல்கீப்பர் பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். முத்துராஜா சுரேஷ்கண்ணனை அழைத்துவந்தார். தேனி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்குபவன். ஓடைக்கு அப்பாலுள்ள காலனியைச் சேர்ந்தவன். ஓடைக்கு இப்பால் முத்துராஜாவின் தரிசு நிலம் கிடந்தது. அதைத் தாண்டித்தான் அவன் ஊருக்குள் வரவேண்டும்.

குழுவுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. “ஆடட்டும். நமக்கு அவன் கைதான வேணும்” என்று விஜய்பாண்டி முடித்துவைத்தான்.

“அய்யான்னு கூப்புடாதப்பா. மாமான்னு கூப்புடு” என்றார் முத்துராஜா, முதல்நாள் பயிற்சியில்.

சுரேஷ்கண்ணன் சிரித்தான். “மாமான்னு கூப்புட்டா பொண்ணு கேட்டு வந்துருவேன்னு ஒங்க வீட்டுல பயந்துருவாகய்யா.”

இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போயிற்று. சுரேஷ்கண்ணன் இரண்டு பந்துகளைப் பிடித்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியவர்களில் விஜய்பாண்டியும் ஒருவன். பரிசு ஒரு கிடாய். குழுவின் புரவலரும் ஏலக்காய் வியாபாரியுமான சுருளிராஜனின் தோப்பில் மறுநாள் மதியம் கறிச்சோறு என்று முடிவாயிற்று.

தோப்பில் முத்துராஜா தம் பக்கத்து இலைமேல் துண்டைப் போட்டு இடம் பிடித்துவைத்திருந்தார். சுரேஷ்கண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றான். அவன் கையில் ஒரு தூக்குவாளி.

“அவன உள்ள கூப்புடுங்கப்பா” என்றார் முத்துராஜா.

“அவனுக்குப் போட்டுக் குடுத்தாச்சு மாமா. நல்ல கறியாப் பாத்துத்தான் போட்டுருக்கு” என்றார் சுருளிராஜன்.

“பனியன் போட்டவன் பந்தியில உக்காரணும்ல. வருசா வருசம் மைக்குல நான் என்னத்தச் சொன்னேன்?”

“நல்லாத்தான் சொன்னீக சித்தப்பா. கைதட்டுனோம்ல?” என்றான் விஜய்பாண்டி. “அது அங்கன. இங்கன பந்தியில எங்கப்பாவும் உக்காந்துருக்காக.”

வரிசையின் முதல் இலையில் இருந்த ஒச்சாண்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. “எல காயுது. உக்காரு” என்றார் தம்பியிடம்.

முத்துராஜா கேட்டுக்குப் போனார். அவர் வாயைத் திறக்குமுன் சுரேஷ்கண்ணன் தூக்குவாளியைக் கேட்டின் தூண்மேல் வைத்தான்.

“விடுங்கய்யா. பந்தப் பிடிக்கத்தான கூப்புட்டீக? பிடிச்சுட்டேன்.”

முத்துராஜா அன்று உண்ணவில்லை. உண்ணாமல் இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பந்தி முடியும்வரை தென்னைமரத்தடியில் நின்றிருந்துவிட்டு, அண்ணனின் வண்டியிலேயே வீடு திரும்பினார்.

மறுவாரம் குழுவின் அறைக்குப் போய்ப் பெயர்ப்பலகையைக் கழற்றினார்.

“இந்தப் பேரு இனிமே ஒங்களுக்குக் கெடையாது.”

சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். விஜய்பாண்டி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, “பாத்து எறங்குங்க சித்தப்பா” என்றான். “எடுத்துட்டுப் போங்க. சுருளிராஜன் அண்ணன் கடை பேருல புதுப் பனியன் அடிச்சாச்சு. இந்தப் பேரு எவன் வாயில நொழையுது?”

பலகையைச் சுமந்துகொண்டு முத்துராஜா நேரே தம் தரிசுக்கு வந்தார். மார்க்கெட் வேலை முடிந்து சுரேஷ்கண்ணன் வரும் வழியில் அவனை நிறுத்தினார்.

“ஒங்க பக்கத்துப் பசங்க தனியா டீம் போடப் போறீகன்னு கேள்விப்பட்டேன். இந்தப் பேர வச்சுக்கங்க. இது ஒங்களுக்குத்தான் பொருந்தும்.”

சுரேஷ்கண்ணன் பலகையை வாங்கவில்லை. எழுத்தை மட்டும் படித்தான்.

“பேர வச்சு என்னய்யா செய்ய? அந்தச் சாம்பியாக்காரக மொதல்ல பேரா வச்சாக? மம்பட்டியத்தான எடுத்தாக?”

முத்துராஜா பலகையின் எழுத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எங்களுக்கு வெளையாட எடம் இல்லய்யா. ஊர் மைதானத்துல எங்கள விடமாட்டாக.” அவன் பார்வை ஓடைக்கரையிலிருந்து வரப்புவரை தரிசின்மேல் போய்த் திரும்பியது. “முள்ள வெட்டி மட்டம் பண்ற வேலைய நாங்களே பாத்துக்கிருவோம்.”

முத்துராஜா பலகையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்ப்பா.”

“பட்டா ஒங்க பேருலதானய்யா இருக்கு?”

“இருந்தாலும்... கேக்கணும்ல.”

“கேளுங்க மாமா” என்றான் சுரேஷ்கண்ணன். அவரை அவன் அப்படி அழைத்தது அந்த ஒருமுறைதான். ஓடையில் இறங்கி நடந்து போய்விட்டான்.

பாகப்பிரிவினையில் அந்த நிலம் முத்துராஜாவின் தனிப்பங்காக வந்தது. ஒச்சாண்டிக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை. அவரைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த பொங்கலும் வந்து போயிற்று. முத்துராஜா இன்னும் அண்ணனைக் கேட்கவில்லை. மைக்கும் பிடிக்கவில்லை. காலனிப் பையன்கள் தார்ச்சாலையில் பந்தை உதைக்கிறார்கள். பஸ் வரும்போது ஒதுங்கிக்கொள்கிறார்கள். தரிசில் கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ‘சம்பேசி ஸ்டார்ஸ்’ பலகை அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சுவரோடு திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் சாரல் அடிக்காமலிருக்க ராக்கம்மாள் அதை எடுத்து ஜன்னலுக்கு மறைப்பாக வைக்கிறார்.