கடையில் வாங்கிய புராஜெக்ட்

மேனேஜர் ஆவதற்கு ஒரு படிக்கட்டு என்றுதான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். அதனால் கடைசி வருட புராஜெக்டை, நெல்லின் ஈரம் அளக்கும் கருவியை, சென்னையில் ஒரு கடையில் வாங்கிவிட்டேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்.

உத்திரமேரூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நிர்வாகப் பயிற்சிக்கு நேர்காணல். எம்.பி.ஏ. படிக்க வசதியில்லாத எனக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. அந்தக் கருவியையும் எடுத்துப் போயிருந்தேன். முதலாளியம்மா மேசைமேல் ஒரு பிடி நெல்லை வைத்தார்.

"இத்த அளந்து காட்டும்மா."

கருவியில் விளக்கு எரிந்தது, எண் வரவில்லை. எந்த ஒயர் எதற்கென்றே தெரியாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னா ஆச்சு? நீ செஞ்சதுதான?"

ஆமாம் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லீங்க மேடம், கடையில வாங்கனது."

"செஞ்சவன் பேரு?"

"தெரியாதுங்க."

"வாங்கனதுகூட போவட்டும். செஞ்சது யாருன்னுகூட கேக்கல. எங்கிட்ட கீற நாப்பது பேர எப்டிம்மா வேல வாங்குவ? ஆறு மாசம் மெஷினாண்ட நில்லு. அப்பால பாக்கலாம்."

நின்றேன். நாற்பது பேரின் பெயரும் தெரிந்த பிறகுதான் எனக்கு நாற்காலி கிடைத்தது.

ஒருநாள் அந்தக் கடையைத் தேடிப் போனேன். மூடிவிட்டிருந்தார்கள். எனக்கு மார்க் வாங்கித் தந்தவரின் பெயர் இன்றுவரை தெரியாது.