கம்பியை விட்டால்தான் தாளம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் என் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். சிவலிங்கம் வந்தார். மொபைலைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, இதுல இருக்கிற பாட்டையெல்லாம் அழிச்சிருங்க."

"எல்லாத்தையுமா? போன மாசம்தானய்யா நாற்பது பாட்டு ஏத்தினோம்?"

"ஒண்ணும் மனசுல ஒட்டல. மனச அமைதியாக்குற மாதிரி ஏதாச்சும் போட்டுக் குடுங்க. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஹட்பே போறேன். கப்பல்ல."

தீக்குச்சி என் விரலைச் சுட்டது.

பத்திரிகையில் என் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கடையில் மொபைல் ரீசார்ஜ் உண்டு, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதும் உண்டு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்த் திரும்பி வந்து இன்னொரு மூன்று முறை. என் மனைவி வசந்தா இதை 'வியாதி' என்கிறாள். நான் 'ஜாக்கிரதை' என்கிறேன்.

சிவலிங்கம் கப்பலில் போகிறேன் என்றால் நான் ஏன் விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டும்?

அவர் இலங்கை மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சுனாமி அலை வந்த காலையில் மேட்டில் மரங்களுக்கு நடுவே இருந்ததால் பிழைத்தார். கீழே இருந்தவர்களைப் பற்றி அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. பிறகு ஒரு கப்பல் அவர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். வழி முழுக்க வலது கையால் ஒரு கம்பியைப் பிடித்தபடி வந்தாராம். துறைமுக ஜெட்டியில் இறங்கும்போது அந்தக் கையை ஒருவர் விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

இப்போது கராச்சர்மாவில் குடியிருக்கிறார். ஒரு செடிப் பண்ணையில் வேலை. எல்லாம் சரி. ஆனால் துறைமுகத்திலிருந்து ஹாரன் கேட்டால் போதும், அந்த வலது கை மூடிக்கொள்ளும். பிறகு திறக்க நேரமாகும். அதுவரை இடது கையால்தான் மண் அள்ளுவார். ஆறு வருஷமாகப் போகிறது... கப்பல், படகு எதிலும் கால் வைத்ததில்லை.

இப்போது அவருடைய ஒரே தங்கச்சி மகள் பெரியவளாகிவிட்டாள். தெற்கே இன்னொரு தீவில், ஹட்பேயில் சடங்கு. தாய்மாமன் மாலை போட வேண்டும். இவருக்காகத் தேதியை ஒரு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். "அண்ணன் இருக்கையில இன்னொருத்தர மாமன்னு மணையில நிக்கவைக்க மாட்டேன். வரலன்னா சடங்கே வேணாம்" என்று தங்கச்சி சொல்லிவிட்டார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளை போனில், "பரவால்ல மாமா... போட்டோ அனுப்புறோம்" என்றதாம். அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கே போய் டிக்கெட் வரிசையில் நின்றுவிட்டார்.

"டிக்கெட் எடுத்துட்டேண்ணே. ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உங்களுக்கு."

கேட்டீர்களா? கடலில் லேசாக அலை எழுந்தாலே வாந்தி எடுக்கும் ஆள் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று எப்படிச் சொல்வது? ஒன்பது நாள் இருந்தது. இந்த மனுஷனைக் கப்பல் ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சலூனில் கிடந்த பத்திரிகையில் எப்போதோ படித்திருந்தேன் — சாஸ்திரிய சங்கீதம் கேட்டால் ஸ்ட்ரெஸ் குறையுமாம். சரி, கிளாசிக்கல்தான்! ஆனால் எனக்கு அதில் என்ன தெரியும்? சினிமாப் பாட்டு என்றால் முதல் வரியைச் சொன்னதும் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்வேன். கர்நாடக சங்கீதம் என் கம்ப்யூட்டரில் 'பக்தி' ஃபோல்டருக்குள் ஒதுங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். எனக்குத் தூக்கம் வந்தால் தேர்வு, வராவிட்டால் தள்ளுபடி. அவ்வளவுதான் என் ஞானம்.

"ஸ்ட்ரெஸ் அவருக்கா, உங்களுக்கா?" என்றாள் வசந்தா. "அவருக்குப் பாட்டு தேடுறேன்னு நீங்க நாலு தடவ தூங்கி எந்திரிச்சாச்சு."

புல்லாங்குழல் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார்.

"அண்ணே, பாட்டுக்குப் பின்னால 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் விடாம வருதே, அது என்னா?"

"அது தம்புரா. சுருதிக்கு."

"எனக்குக் கப்பல் எஞ்சின் மாதிரியே இருக்குண்ணே."

அடக் கடவுளே! இது எனக்குத் தோன்றவே இல்லையே. ராத்திரிக்குச் சாப்பிடப்போகும் மீனில் முள் இருக்குமோ என்று காலையிலேயே கவலைப்படும் எனக்கு!

அடுத்து வயலின். இந்த முறை என் கண் முன்னால் கேட்கட்டும் என்று கடையிலேயே ஹெட்போனை மாட்டிவிட்டேன். ரொம்ப மெதுவான ஆலாபனை. முதலில் முகம் இளகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வயலின் இறங்கி இறங்கி, மெலிந்து, ஓர் இடத்தில் ஏறக்குறைய நின்றே போனது. அவ்வளவுதான். வலது கை மூடிக்கொண்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"தண்ணி உள்ள போற மாதிரி இருக்குண்ணே."

"எந்தத் தண்ணி?"

"மேல இருந்து பாத்தேன்ல. கடல் அப்புடியே உள்ள போச்சு. சத்தமே இல்ல. அம்புட்டு அமைதி..." ஹெட்போனை என் பக்கம் தள்ளினார். "போனது திரும்பி வரும்ல?"

அமைதி நல்லது என்று நாம் பாட்டுக்குச் சொல்லிவிடுகிறோம். யாருக்கு நல்லது? நமக்குத் தூக்கம் தருவது இன்னொருவருக்குத் தூக்கத்தைப் பறிக்கலாம். நமக்குக் கேட்கிற மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தூக்கிக் கொடுக்கிற புத்திதானே இதுவும்?

மனம் விட்டுப்போயிற்று. வசந்தாதான் சொன்னாள்: "தெரியாத வேலையத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா கௌரவம் கொறஞ்சிருமா? டெலானிபூர் குவார்ட்டர்ஸ்ல லலிதா டீச்சர் இருக்காங்கல்ல."

லலிதா டீச்சரின் கணவருக்கு அரசாங்க வேலை. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். டீச்சர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார். சனிக்கிழமை சிவலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மேட்டில் ஏறி அவர் வீட்டு வாசலை அடைந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"டீச்சர், ஸ்ட்ரெஸுக்கு ஒரு நல்ல ராகமாச் சொல்லுங்க" என்றேன்.

"தலைவலித் தைலம் கேக்கற மாதிரி கேக்கறீங்களே!" என்று சிரித்தார். "கிளாஸ் நடக்குது, முடிச்சிட்டு வரேன். உட்காருங்க."

ஏழெட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ், தெலுங்கு, ஒரு பெங்காலிப் பெண். சரளி வரிசை. ச ரி க ம என்று ஏறி இறங்குகிற முதல் பாடம்தான். தொடையில் தாளம். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டி ஒரு திருப்பு, மறுபடி தட்டி ஒரு திருப்பு. மொத்தம் எட்டு. சுருதி ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. "ஸ்ருதி... ஸ்ருதி எங்க போச்சு?" என்று டீச்சர் அதட்டினார்.

எனக்குப் பகீரென்றது. அமைதி தேடி வந்த ஆளை இந்தச் சந்தைக்கடையில் உட்கார வைத்துவிட்டேனே! திரும்பிப் பார்த்தேன்.

சிவலிங்கத்தின் வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பெங்காலிப் பெண்ணுக்கு ஏழு வயது இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், கலத் ஹை. தட்டுனதுக்கு அப்புறம் சோட்டா விரல் ஃபர்ஸ்ட்" என்று திருத்தினாள். அவரும் பவ்யமாகத் திருத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஹாரன் அடித்தது. மேட்டுக்கு நன்றாகவே கேட்கும். அவர் கை மூடிக்கொண்டது. ஒரு சுற்று போயிற்று. இரண்டாவது சுற்றும் போயிற்று. மூன்றாவது சுற்றில் முதலில் சுண்டு விரல் வெளியே வந்தது. அப்புறம் மோதிர விரல்... கை மெல்லத் திறந்து தொடையில் தட்டியது.

விரல் எண்ண வேண்டுமென்றால் கையைத் திறந்துதானே ஆக வேண்டும்?

கிளாஸ் முடிந்ததும் அவராகவே டீச்சரிடம் கேட்டார்: "எட்டு முடிஞ்சா அடுத்து ஒம்பதாம்மா?"

"இல்லைங்க. மறுபடி ஒண்ணு."

"அப்படியா! பால் வெட்டையில மரத்த எண்ணிக்கிட்டே போவோம். முந்நூறு வரைக்கும் போகணும். வெளிச்சம் வர்றதுக்குள்ள வீடு எங்கயோ தூரமாப் போயிரும். இது எட்டுலயே வீடு திரும்பிருதே."

டீச்சர் அலமாரியைத் திறந்து, "பெரிய வித்வான்கள் பாடினது சி.டி. இருக்கு, தரேன்" என்றார்.

"வேணாம்மா. இதே போதும்."

"இதுவா? பசங்களுக்கு இன்னும் ஸ்ருதியே நிக்கலைங்க!"

"பரவால்லம்மா. நிக்காட்டியும் திரும்பி வந்துர்றாங்கல்ல."

டீச்சர் பிள்ளைகளை மறுபடி பாடவைக்க, அடுத்த வரிசையை முழுக்க என் மொபைலில் பதிவு செய்துகொண்டேன். இருமல், குக்கர், டீச்சரின் அதட்டல் எல்லாமும் சேர்த்துத்தான்.

வியாழக்கிழமை காலை, துறைமுகம். என் பையில் வாந்தி மாத்திரை, டார்ச், விசில், மெழுகுவத்தி, மூன்று ஸ்பேர் பேட்டரி, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு நகல். அவர் கையில் ஒரே ஒரு பை. அதில் பட்டுப் பாவாடை, தாவணி, வளையல். வசந்தா வாங்கிக் கொடுத்தது.

ஏணிப்படியில் முதல் அடியை வைக்கும் முன்னால் நின்றுவிட்டார். இயர்போன் காதில். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் வரிசை நெருக்கியது.

"அரே பாய், சட்னா ஹை தோ சடோ! பீச்சே லைன் ஹை!" என்று, ஏறுவதானால் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கப்பல்காரர் கத்தினார்.

"ஏக் மினிட் பாய்" என்றார் சிவலிங்கம், கண்ணை மூடிக்கொண்டே. "எட்டு முடியட்டும்."

அவர் காதில் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு... அடுத்த தட்டுக்குக் காலைத் தூக்கி வைத்தார். ஏறிவிட்டார்! பின்னால் வந்த ஆள் என்னைத் தள்ளாமல் இருந்திருந்தால் நான்தான் கரையிலேயே நின்றிருப்பேன்.

திறந்த கடலுக்கு வந்ததும் கப்பல் ஆடியது. அவருக்குப் பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். அப்படி எழுதினால் பொய். உதடு வெளுத்திருந்தது. பயம் இருந்தது. அதற்குப் பிடித்துக்கொள்ளக் கை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கை வேலையாக இருந்தது.

வேலையில்லாமல் இருந்த இரண்டு கையும் என்னுடையவை. அவை பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. எவ்வளவு நேரமாக என்று எனக்கே தெரியாது. சிவலிங்கம் திரும்பிப் பார்த்தார். இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் சொருகினார்.

"அண்ணே, கம்பிய விடுங்க."

"விட்டா விழுந்துருவேன்யா."

"உக்காந்திருக்கிற ஆள் எங்க விழுவீங்க? கம்பியப் பிடிச்சிக்கிட்டு எப்படித் தாளம் போடுவீங்க? விடுங்கண்ணே."

ஒரு கையை விட்டேன். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல்... குக்கர் விசில் வந்தது. "ஸ்ருதி எங்க போச்சு?" என்றார் டீச்சர். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். எதிர் இருக்கையில் ஒரு அம்மா, இரண்டு தடி மனிதர்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஹட்பே துறையில் தங்கச்சி நின்றிருந்தார். அண்ணன் இறங்கி வருவதைக் கண்டதும் ஓடி வந்தார். அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். அப்படியே தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு. மணையில் அந்தப் பிள்ளை, பட்டுப் பாவாடையில். தாய்மாமன் இரண்டு கையாலும் மாலையை எடுத்துப் போட்டார். போட்டோக்காரர் "மாமன் கொஞ்சம் சிரிங்க" என்றார். மாமன் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். வலது கை மட்டும் வேட்டியின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னா மாமா எண்ணுறீங்க?" என்று கிசுகிசுத்தாள் பிள்ளை.

"எட்டு முடிஞ்சு வீடு வந்துட்டேனான்னு பாக்குறேன்டா."

அந்தப் பதிவை இப்போது என் கடையில் இரண்டு பேர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். ஸ்ட்ரெஸுக்குப் பாட்டு வேண்டும் என்று யாராவது வந்தால், பாட்டை அப்புறம் பார்ப்போம், முதலில் கையைக் காட்டுங்கள் என்கிறேன். "ஜோசியமும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்கிறார்கள். சொல்லட்டும். மூடிய கையோடு வருபவருக்கு நான் தூங்கவைக்கும் பாட்டு கொடுப்பதில்லை.

நான் திருந்திவிட்டேனா என்கிறீர்களா? கடைப் பூட்டை இப்போது மூன்று முறை இழுத்துப் பார்ப்பதில்லை. எட்டு முறை — தாளத்தோடு!