கம்பியைத் தொட்ட கிளை

மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டாரைக் கண்டுபிடித்த மனிதரை ஏற்காட்டுப் பள்ளியில் முப்பது வருஷம் பாடமாக நடத்தினேன். கடைசியில் ஓர் ஓட்டல் அறையில் தனியாகச் செத்துப்போனவர். பத்து நிமிஷத்தில் அவரை முடித்துவிடுவேன். பரீட்சையில் இரண்டு மார்க்குக்குத்தான் வருவார்.

கணவருக்கு நுரையீரல் கெட்டு, வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அதற்குள் காற்றை அழுத்துவது அந்த மனிதரின் வழியில் வந்த ஒரு சின்ன மோட்டார். நாள் முழுக்க உறுமும். சத்தம் தாங்காமல் கணவர் மேலேயே எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் சிரிப்பார். பதில் பேச மூச்சு போதாது.

ஐப்பசியில் லைன்மேன் வந்து, எங்கள் காப்பித் தோட்டத்து ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தைக் காட்டினார்.

"ஏனுங்க டீச்சர், இந்தக் கெளை கம்பியத் தொடப் போகுதுங்க. வெட்டிப்போடட்டுங்களா?"

மரத்தில் மிளகுக்கொடி படர்ந்து, அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. கிளை விழுந்தால் கொடி அறுந்துவிடும்.

"மிளகு பறிச்சப்புறம் வாங்க."

அவர் தயங்கினார். கரண்டைப் பற்றி எனக்கே பாடமா என்று எனக்குள் ஒரு திமிர். போய்விட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம் மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தது. மெஷின் நின்றது. கைவசம் இருந்த சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும். ரோட்டிலும் மரம் சாய்ந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. லைன்மேனுக்குப் போன் போட்டுவிட்டு, சிலிண்டர் மீட்டரின் முள் இறங்குவதைப் பார்த்தபடி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மிளகுக்காக நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் விரலை அழுத்தினார்.

லைன்மேன் நடந்தே வந்து சேர்ந்தார். நனைந்தபடி கம்பம் ஏறி, கிளையை அறுத்துத் தள்ளி, கம்பியை இழுத்துக் கட்டினார். முள் சிவப்புக்கு வந்தபோது மெஷின் மறுபடி உறுமியது. வெளியே ஓடினேன்.

"மரத்தையே அடியோட வெட்டிப்போடுங்க." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். "மரம் என்னங்க டீச்சர் பண்ணுச்சு?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கணவர் தை மாதம் போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கை என் கைக்குள் இருந்தது. யாருமில்லாமல் செத்த அந்த மனிதரை அன்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் தனியாகப் போகவில்லை.

கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம்தான் மிளகு பழுத்தது. நான் பறிக்கவில்லை.