சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

மாமல்லபுரத்தில் எங்கள் தெருமுனைத் தியேட்டரைப் புதுப்பித்துத் திறந்த அன்று, விளக்கை அணைத்ததும், புதுப் பெயின்ட் வாசனையை மீறி அம்மாவின் தலையிலிருந்த மல்லிகை மணத்தது. அந்த மணத்தோடு பழைய தியேட்டரும் வந்துவிட்டது.

அப்போது ஆண்கள் பெஞ்சுக்கும் பெண்கள் பெஞ்சுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர் உண்டு. வாசலிலேயே அம்மா அந்தப் பக்கம் போய்விட, நான் அப்பா மடியில் உட்கார்ந்து, மின்விசிறியின் கரகரப்பும் வேர்க்கடலை உடைபடும் சத்தமும் காதில் விழப் படம் பார்ப்பேன். காமெடி வந்தால் அப்பா திரையைப் பார்க்க மாட்டார். சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்துக்கொள்வார். உலைமூடியை ஆவி தள்ளுவதுபோல அடக்கி அடக்கிக் கடைசியில் வெடிக்கும் அம்மாவின் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவர் சிரிப்பார்.

பிறகு கூட்டம் குறைந்து, தியேட்டர் கற்சிலைகளை அடுக்கும் கிடங்கானது. வீட்டு டிவி முன்னால் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

புதுப்பித்தவர்கள் அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். நல்லதுதான் என்று நானும் நினைத்தேன். முதன்முறையாக அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். காமெடிக்கு அரங்கமே சிரித்தது, அம்மா சிரிக்கவில்லை.

"இன்னா, சிரிக்கவே மாட்டன்ற?" என்றார் அப்பா.

"நீ என் மூஞ்சியவே பாத்துகினு கீற. எப்புடிய்யா சிரிப்பு வரும்?"

அப்பா எழுந்து, நடைவழியைத் தாண்டி, அந்தப் பக்கம் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வெடித்தாள். அதன் பிறகு, இருட்டில், அப்பா சிரிப்பது கேட்டது.